சீயக்காய்க்காரியின் மச்சம்

படம் போட்டுப் பிழைக்க வந்திருக்கிற தம்பிகளுக்கும் பொண்ணுங்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் நாலாங்கிளாஸ் படித்தவன். அதுவும் பாதிதான். ஆனால் எழுபதுகளில் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் ஏறி செங்கம் ரோடோ, போளூர் ரோடோ, கீழ்பென்னாத்தூர் ரோடோ, எந்தப் பக்கம் போனாலும் முதல் பத்து மைலுக்கு ஜன்னல் வழியாக நீங்கள் பார்ப்பது என் கைவேலையைத்தான். பூச்சி மருந்து, பல்பொடி, டூரிங் டாக்கீஸ், ஜவுளிக்கடை எல்லாம் நான்தான். லாரிக்கு நம்பர் எழுத ஆரம்பித்து, இருபத்தாறு வயதில் தேரடித் தெருவில் மாடியில் சொந்தமாக ஒரு கடை வைத்தவன். எந்தப் பள்ளிக்கூடமும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமையாகவும்தான் சொல்கிறேன்.

படிப்பு கம்மி என்பதால் எழுத்தையும் நான் படமாகத்தான் பார்ப்பேன். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததை அப்படியே பெரிசாக்கிச் சுவரில் வைப்பேன். ஒரு தடவை பல் டாக்டர் ஒருத்தர் போர்டுக்கு எழுதிக் கொடுத்தார். அவர் பேனா எங்கேயோ இழுத்துவிட்ட கோட்டைத் துணைக்கால் என்று நினைத்து 'பால் டாக்டர்' என்று எழுதி மாட்டிவிட்டேன். ரெண்டு நாளில் மூணு பேர் மாட்டோடு வந்து நின்றார்களாம். டாக்டர் வந்து, "ஏம்பா, என்னை எந்த டிப்பார்ட்மெண்டுக்கு மாத்திட்டே?" என்று கேட்டார். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஒரு துடை துடைத்தேன், கால் போய்விட்டது. ரெண்டு பேரும் சிரித்தோம்.

எழுத்தில் தப்பு விட்டால் அவ்வளவுதான். முகத்தில் அப்படி இல்லை. என் பேரை ஊருக்கே தெரியவைத்த முகம் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். இவ்வளவு நாள் அதைப் பற்றி யார் கேட்டாலும் பெருமைப் பக்கத்தை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் சவ்வாது மலையிலிருந்து சீயக்காய் வாங்கி, அரைத்து, பாக்கெட் போட்டு விற்க ஆரம்பித்தார். முதலாளி என்றே சொல்கிறேன், பேர் வேண்டாம். ஒருநாள் மாடி ஏறி வந்தார். "சினிமாக்காரி மூஞ்சி வேணாம்பா. அவ தலையில எது அசல், எது சவுரினு யாருக்குத் தெரியும்? நம்ம ஊட்டுப் பொண்ணு மாதிரி இருக்கணும். பாத்தா, இவ இன்னா போட்டுத் தலை குளிக்கிறானு கேக்கத் தோணணும்" என்றார்.

என் கடைக்கு நேர் கீழே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். ஜன்னலில் குனிந்தால் முன்வரிசை மெஷின் ரெண்டும் நன்றாகத் தெரியும். காலையில் ஒன்பது மணி வகுப்புக்கு ஒரு பொண்ணு வரும். கோர்ட்டில் நகல் எழுதிக் கொடுக்கிற காப்பியிஸ்ட்டாக இருந்தவரின் மகள். அந்தப் பேரை இங்கே நான் எழுதப் போவதில்லை. ஒரு தடவை சொன்னதே போதும். நீளமான பின்னல். பின்னால் விட்டால் அடுத்த நாற்காலியில் மாட்டிக்கொள்ளும் என்று எடுத்து இடது தோள் வழியாக முன்னால் போட்டுக்கொள்ளும். இடது கன்னத்தில், உதட்டுக்கு ஒரு விரக்கடை மேலே, ஒரு மச்சம். வரி முடியும்போது மெஷினில் 'டிங்' என்று மணி அடிக்கும் பாருங்கள், அந்த மணிக்கு மட்டும் அந்தப் பொண்ணு அரைச் சிரிப்பு சிரிக்கும். தப்பில்லாமல் ஒரு வரி முடிந்துவிட்டது என்கிற சிரிப்பு. பதினஞ்சு நாள் மேலே நின்று, மணி அடிக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பென்சிலில் எடுத்தேன்.

கேட்டேனா என்றால், கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை. மலையை வரைவதற்கு மலையிடம் கேட்கிறோமா என்று நினைக்கிற வயசு.

எனக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். நாடகக் கம்பெனிக்குச் சீன் திரை எழுதியவர். அவரிடம் ரெண்டு வருஷம் பிரஷ் கழுவினேன். அவர் ஒன்று சொல்வார்: "ஆளைப் பாத்து மூஞ்சி வரைஞ்சா எதையாச்சும் ஒண்ணு மாத்தி வைடா. மூக்குத்தியை மாத்து, மச்சத்தை மாத்து. நாளைக்கு அந்த ஆளு 'அது நான் இல்ல'னு சொல்லிட்டுப் போறதுக்கு ஒரு வழி வேணும்." நான் வெளியே வந்து கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரித்தேன். ஆளுக்கு அச்சு அசலாக வரைய வராது, அதுக்கு இப்படி ஒரு சாக்கு என்றேன். எனக்கு வரும். பொட்டு மாறாமல் வரும். அதில்தான் திமிர்.

பத்தடி உயர முகத்தைச் சுவரில் இறக்குவதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். பெரிய தாளில் படத்தை வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் ஓட்டை ஓட்டையாகக் குத்திவிடுவோம். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிக் கரித்தூள் மூட்டையால் தட்டினால், ஓட்டை வழியாகப் புள்ளிப் புள்ளியாகப் படம் இறங்கும். ஒரே தாளில் இருபது சுவர் அடிக்கலாம். முதல் சுவர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே. காற்று அடித்த நாள். ஏணியில் நின்றுகொண்டு, சுருட்டின தாளை விரித்த அவசரத்தில் பின்பக்கத்தை முன்பக்கமாக ஒட்டிவிட்டேன். ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் ஒன்றுதானே. கரியும் அந்தப் பக்கத்திலேயே படிந்துவிட்டது. அப்புறம் எந்தச் சுவருக்குப் போனாலும் கரிப் பக்கம் பார்த்துத் தட்டுவதே பழக்கமாகிவிட்டது. ஏணி மேல் மூக்கை ஒட்டி நிற்கிறவனுக்குத் தெரியாது. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி பின்னல் வலது தோளுக்குப் போய்விட்டது, மச்சம் வலது கன்னத்துக்குப் போய்விட்டது.

பன்னிரண்டு சுவர் அப்படியே முடிந்தது. கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம் அத்தனையும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் போனது. 'சீயக்காய்க்காரி' என்று ஊரே பேர் வைத்தது. ஸ்டுடியோவில் படம் பிடிக்கப் போகிற பொண்ணுங்க, "பின்னல சீயக்காய்க்காரி மாதிரி முன்னாடி போட்டு எடுங்க" என்று கேட்டார்களாம். முதலாளி ரெண்டாவது அரவை மெஷின் வாங்கினார். நான் தெருவில் நடந்தால், "சீயக்காய்க்காரி ஆர்ட்டிஸ்ட்டு போறாருடா" என்பார்கள். உங்களில் யாருக்காவது அப்படி ஒரு பேர் கிடைத்தால் என்ன செய்யவேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நான் செய்ததைச் செய்யாதீர்கள், அவ்வளவுதான்.

தை மாசம், ஒரு காலை. டீக்கடையில் போளூர் ரோட்டு ஆர்ட்டிஸ்ட் இருந்தான். எனக்கு அப்போது போட்டி அவன் ஒருத்தன்தான். டீயை ஆற்றிக்கொண்டே பத்துப் பேர் முன்னால் கேட்டான்.

"இன்னாப்பா, உன் சீயக்காய்க்காரிக்கு மச்சம் எந்தப் பக்கம்?"

"ஏன், சுவத்துல பாரேன்."

"சுவத்துல பாத்தேன், வலது பக்கம். காலையில டைப்படிக்கப் போவுதே, அந்தப் பொண்ணையும் பாத்தேன், இடது பக்கம். தாளைத் திருப்பிப் போட்டு அடிச்சிருக்க. எது முன்பக்கம், எது பின்பக்கம்னு தெரியாதவன்லாம் ஆர்ட்டிஸ்ட்டு."

எல்லாரும் சிரித்தார்கள். டீ ஊற்றுகிறவனும் சிரித்தான். எழுந்து நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய் எதிரில் நின்று பார்த்தேன். அவன் சொன்னது சரி.

முதலாளி எதுக்குய்யா மாத்தறே, நல்லாத்தானே இருக்கு என்றார். நான் கேட்கவில்லை. என் சொந்தப் பெயிண்ட், என் சொந்தக் கூலி. எட்டே நாளில் பன்னிரண்டு சுவரையும் வெள்ளை அடித்து, தாளைச் சரியான பக்கம் ஒட்டி, மறுபடி எழுதினேன். பின்னல் இடது தோள். மச்சம் இடது கன்னம். சத்தியமாகச் சொல்கிறேன், அதைவிட நல்ல வேலை நான் வாழ்க்கையில் செய்ததில்லை. எல்லாம் முடித்துவிட்டு அதே டீக்கடைக்குப் போய், அந்தப் பொண்ணு பேரைச் சொல்லி, அப்பன் பேரையும் சொல்லி, "இப்போ போயி ரெண்டு மூஞ்சியையும் பக்கத்துல வச்சுப் பாருடா, மயிரிழை வித்தியாசம் இருந்தா நான் பிரஷ்ஷைத் தொடல" என்றேன். முதலாளிக்கும் புது முகம் பிடித்துப்போய், பாக்கெட்டில் அதுவரை இருந்த இலைப் படத்தை எடுத்துவிட்டு அதையே போட ஏற்பாடு செய்தார்.

அடுத்த புதன்கிழமை காப்பியிஸ்ட் ஐயா மாடி ஏறி வந்தார். கோர்ட்டுக்குப் போகிற கோட்டு, கையில் குடை. கடையில் இருந்த ஒரே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஆர்ட்டிஸ்ட், நான் சத்தம் போட வரலீங்க. ஒரு உதவி கேட்டு வந்திருக்கேன்."

"சொல்லுங்க ஐயா."

"ஆரணியிலிருந்து பொண்ணைப் பாத்துட்டுப் போனாங்க. அப்பவே கேட்டாங்க, பஸ் ஸ்டாண்டு எதிர்ல சுவத்துல இருக்கறது உங்க பொண்ணானு. எவன் முன்னாடி போயி உட்கார்ந்து வரையச் சொல்லுச்சுனு கேட்டாங்க. எனக்கு உசிரே போயிடுச்சு. அது எங்க பொண்ணு இல்லீங்க, நல்லா பாருங்க, அதுக்கு மச்சம் அந்தப் பக்கம், எங்க பொண்ணுக்கு இந்தப் பக்கம்னு சொன்னேன். திரும்பப் போறப்ப நின்னு பாத்திருக்காங்க. ஆமாம், சரிதான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வெள்ளிக்கிழமை தட்டு மாத்த வராங்க."

குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"எல்லாச் சுவரும் வேணாம். பஸ் ஸ்டாண்டு சுவரு ஒண்ணு மட்டும் பழையபடி மாத்திடுங்க. அதுகூட வேணாம், மச்சத்தை மட்டும் அழிச்சிடுங்க. ஒரு எலுமிச்சம்பழ அளவு இருக்குமா? அஞ்சு நிமிஷம்."

தம்பிகளே, ஏணி வாசலிலேயே சாய்ந்திருந்தது. முகத்துக்குப் போட்ட கலர் டப்பாவில் மீதி இருந்தது. அன்றைக்கு வேறு வேலையும் இல்லை. ஆனால் எனக்கு முன்னால் நின்றது காப்பியிஸ்ட் இல்லை, போளூர் ரோட்டுக்காரன். மறுபடி மாற்றினால் அவன் என்ன சொல்வான் என்பது மட்டும்தான் காதில் கேட்டது.

"ஐயா, நான் ஒரு தடவை வரைஞ்சதை அழிக்கிறவன் இல்லீங்க."

"போன வாரம்தானே அழிச்சீங்க?"

"அது தப்பைத் திருத்தினது."

"நானும் அதைத்தான் கேக்கறேன்" என்றார்.

"கோர்ட்ல ஒரு எழுத்து மாறினா விடுவீங்களா? அது மாதிரிதான் எனக்கும்" என்றேன். எவ்வளவு அழகாகப் பேசிவிட்டோம் என்று அப்போது நினைத்தேன். அவர் குடையை எடுத்துக்கொண்டார். படியில் இறங்கும்போது நின்று, "இருபத்தி ரெண்டு வருஷமா உள்ளது உள்ளபடினு கையெழுத்துப் போட்டுட்டு வரேன். ஒரு தடவை மாத்திச் சொன்னேன்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரிகூட இல்லை.

வெள்ளிக்கிழமை காலை நான் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இருந்தேன். ஆரணி பஸ்ஸிலிருந்து ஆறு பேர் இறங்கினார்கள். ரெண்டு பொம்பளைங்க கையில் துணி மூடிய தட்டு. ரோட்டைத் தாண்ட நின்ற இடத்தில் ஒரு வயசான அம்மா நிமிர்ந்து பார்த்தது. அப்புறம் எல்லாரும் பார்த்தார்கள். அந்த அம்மா தன் கன்னத்தையே தொட்டுக் காட்டிப் பேசியது. அங்கேயிருந்து திரும்பிப் போயிருந்தால்கூட நல்லது. வீட்டுக்குப் போய், சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு, முக்கால் மணி நேரத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார்கள். தட்டின் மேல் மூடின துணி மூடினபடி இருந்தது.

திங்கட்கிழமை முதல் கீழே முன்வரிசை மெஷின் காலி.

அதற்கப்புறம் நான் இன்னும் பெரிய ஆளானேன். அதையும் மறைக்கக்கூடாது. விழுப்புரம், வேலூர் வரைக்கும் அந்த முகம் போனது. எங்கே போனாலும் நான்தான் எழுதினேன். பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. எண்பதுகளில் முதலாளி பையன் தொழிலைக் கையில் எடுத்தான். "அண்ணே, அதே பொண்ணு, அதே சிரிப்பு. ஆனா கொஞ்சம் மாடர்னா வேணும். கலர் டி.வி. காலம்ல? நீங்கதான் பண்ணணும், வேற யாரு கையும் வராது" என்றான்.

பழைய தாளை எடுத்து விரித்தேன். ரெண்டு பக்கமும் கரி. புதுசாக வரைய உட்கார்ந்தேன். கண் வந்தது, மூக்கு வந்தது, சிரிப்பும் வந்தது. மச்சம் வைக்கிற இடத்துக்கு வந்ததும் பிரஷ் நின்றுவிட்டது. நாலு நாள் அப்படியே கிடந்தது. அஞ்சாம் நாள் ரெண்டு படம் போட்டேன். ஒன்றில் மச்சம் வலது பக்கம். இன்னொன்றில் மச்சமே இல்லை. ரெண்டையும் சுருட்டிக்கொண்டு கேட்கப் போனேன். முதல் தடவை கேட்காததை அப்போதாவது கேட்கலாம் என்று.

அந்தப் பொண்ணு, இனி அந்த அம்மா என்றுதான் சொல்லவேண்டும், ஒரு சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்ட் என்று கேள்விப்பட்டிருந்தேன். மதியம் மூணு மணி இருக்கும். கண்ணாடி போட்டிருந்தார்கள். முடியைக் கொண்டையாக முடிந்திருந்தார்கள். ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், என் சுவர். எல்லா மேசையும் ஜன்னலைப் பார்த்துக் கிடக்க, அவங்க மேசை மட்டும் திரும்பிக் கிடந்தது. கழுத்தில் ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"உட்காருங்க சார்" என்றார்கள்.

நான் படத்தை விரித்து, கம்பெனியில் கேட்டதைச் சொன்னேன். "இந்தத் தடவை மச்சத்தை அந்தப் பக்கம் வச்சிருக்கேம்மா. வேணாம்னா இதோ, மச்சமே இல்லாம ஒண்ணு. அதுவும் வேணாம்னா வரையவே இல்ல. நீங்க சொல்றதுதான்."

டைப் அடித்த தாளைப் பிழை பார்க்கிற மாதிரி ரெண்டையும் மேலிருந்து கீழே பார்த்தார்கள்.

"எது வேணும்னாலும் போடுங்க. அப்பா இருந்திருந்தா இதைப் பாத்து சந்தோஷப்பட்டிருப்பாரு. அவரு போயி ரெண்டு வருஷமாச்சு." கண்ணாடியைக் கழற்றினார்கள். "உங்களை ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன் சார்."

"கேளும்மா."

"மொத மொதல்ல சுவத்துல பாத்தப்ப பயந்துட்டேன். அப்புறம் கிட்டப் போயி நின்னு பாத்தேன். மச்சம் அந்தப் பக்கம், பின்னல் அந்தப் பக்கம். அடடா, ஆர்ட்டிஸ்ட்டு நல்ல மனுஷன், நம்ம பேரு கெட்டுடக்கூடாதுனு யோசிச்சு மாத்தி வச்சிருக்காருனு நெனச்சேன். அப்பாவைக் கூட்டிட்டுப் போயி அந்த மச்சத்தைக் காட்டினதே நான்தான். நீங்க வேணும்னே பண்ணியிருக்கீங்கனு அவருகிட்ட சொன்னேன்." கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்தார்கள். "அப்புறம் ஏன் சார் திரும்ப மாத்தினீங்க? நான் ஏதாச்சும் பண்ணிட்டேனா? நீங்க மாடியில நின்னு பாக்கறது தெரிஞ்சு ஒரு நாள் நிமிந்து முறைச்சேன். அதுக்காகவா?"

பன்னிரண்டு வருஷமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"இல்லம்மா" என்றேன். எத்தனை சுவரில் எத்தனை எழுத்து எழுதினவன். அன்றைக்கு ஒரு வரி சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் அவங்க மனசில் அந்த நல்ல மனுஷன் கொஞ்ச நாளாவது இருந்தான் என்பதும் போய்விடும். அவனைக் கைவிட எனக்கு மனசில்லை.

அவங்க சரி என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள். நான் படத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். வரி முடிந்து மணி அடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். சிரிக்கவில்லை.

கம்பெனிக்கு நான் கொடுத்தது பின்பக்கமாக நிற்கிற ஒரு பொண்ணு. முதுகும் பின்னலும் மட்டும். "அண்ணே, மூஞ்சி எங்கே?" என்றான் சின்ன முதலாளி. மூஞ்சி இல்லை என்றேன். அவன் போளூர் ரோட்டுக்காரனிடம் போனான். அவன் என் பழைய பாக்கெட்டைப் பார்த்து அப்படியே காப்பி அடித்துக் கொடுத்தான். மச்சம் இடது பக்கம், ஒரு நூல் பிசகாமல்.

நீங்கள் இனிமேல் எத்தனையோ முகம் போடுவீர்கள். நன்றாகப் போடுங்கள். யார் முகம் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். திருத்தவேண்டும் என்று கை துறுதுறுக்கும்போது, அந்தத் தப்புக்குப் பின்னால் யாராவது ஒளிந்து நிற்கிறார்களா என்று பாருங்கள். என் வாத்தியாரைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

அந்த அம்மா ரிட்டையர் ஆகி வேங்கிக்கால் பக்கம் எங்கேயோ இருப்பதாகச் சொல்கிறார்கள். இதை யாராவது அவங்களுக்குப் படித்துக் காட்டினால், அன்றைக்கு ஆபீசில் நான் சொல்லாமல் வந்தது இதுதான். நீங்கள் ஒன்றும் பண்ணவில்லை அம்மா. முறைத்ததை நான் பார்க்கவே இல்லை. முதல் தடவை மச்சத்தை உங்களுக்காக மாற்றி வைத்தவன் நான் இல்லை. காற்றில் தாள் திரும்பிவிட்டது.